எட்டு மில்லிமீட்டர்

கடந்த டிசம்பர் விடுமுறையில் ஈசூனில் ஒருவரிடம் 120 வெள்ளிக்குப் பழைய ‘லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் இவி3’ பெட்டி ஒன்றை வாங்கினேன். பள்ளிகளில் பயன்படுத்தும் அந்தப் பெட்டியில் 541 துண்டுகள் இருக்கவேண்டும். வீட்டில் எண்ணிப் பார்த்தபோது 29 குறைந்தன. மோட்டார்களும் நிறத்தை அறியும் உணர்கருவியும் வேலை செய்ததால் சண்டைக்குப் போகவில்லை.

“இருபது வயசுல லெகோவா?” என்றார் அம்மா. அவரிடம் காரணத்தைச் சொல்லவில்லை.

உயர்நிலை இரண்டில் ரோபோ மன்றம்தான் என் இணைப்பாட நடவடிக்கை. நானும் என் தோழியும் ஒரே குழு. நான் கட்டுவேன், அவள் நிரல் எழுதுவாள். வெள்ளைப் பலகையில் வரைந்த கறுப்புக் கோட்டை ஒட்டி ரோபோ ஓடவேண்டும் என்பதே போட்டி.

உணர்கருவி தரையில் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருவதை 0 முதல் 100 வரையிலான எண்ணாகச் சொல்லும். எங்கள் வகுப்பறையில் வெள்ளைக்கு 62, கறுப்புக்கு 8. இரண்டுக்கும் நடுவே 35ஐ எல்லையாக வைத்தாள் தோழி. எண் 35க்குக் கீழே போனால் வலப்பக்கம் திரும்பு, மேலே போனால் இடப்பக்கம் திரும்பு. அவ்வளவுதான் நிரல். பார்ப்பவர்கள் ரோபோ கோட்டின் மேல் ஓடுவதாக நினைப்பார்கள். உண்மையில் அது கோட்டின் ஓரத்தை மோப்பம் பிடித்துக்கொண்டு நெளிந்து நெளிந்து போகும்.

போட்டியன்று எங்கள் ரோபோ ஓடவே இல்லை. நின்ற இடத்திலேயே வலப்பக்கமாகச் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்துக் குழுவில் யாரோ சிரித்தார்கள். ஆசிரியர் என்ன ஆயிற்று என்று கேட்டபோது, “நிரல் தப்பு சார்” என்று நான்தான் சொன்னேன். அவள் வாயே திறக்கவில்லை. அடுத்த ஆண்டு வேறு இணைப்பாட நடவடிக்கைக்கு மாறிவிட்டாள். உணவகத்தில் சேர்ந்து உட்காருவதும் நின்றுபோனது.

சென்ற பருவத்தில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவி ஏறுக்குமாறாக எண்களைக் காட்டியது. எல்லாரும் நிரலைக் குடைந்துகொண்டிருந்தபோது விரிவுரையாளர் கேட்ட முதல் கேள்வி: “உணர்கருவியை யார் நகர்த்தியது?” எனக்கு வயிற்றைக் கலக்கியது. போட்டிக்கு முந்திய மாலை, பலகையின் இணைப்பில் உணர்கருவி உரசுகிறதே என்று நான் அதை ஒரு துளை மேலே ஏற்றிப் பொருத்தியிருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. பிறகு மறந்தும்விட்டேன்.

இவி3 இப்போது கடைகளில் கிடைக்காது. 1998ல் தொடங்கிய மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசையையே லெகோ 2022 இறுதியில் நிறுத்திவிட்டது. இடைப்பட்ட காலத்தில் ஆர்வலர்கள் அதை வைத்து என்னென்னவோ செய்தார்கள். முதல் பெட்டி வந்த கொஞ்ச நாளிலேயே அதன் உள்வேலையைக் கண்டுபிடித்துச் சொந்தமாக இயங்குதளம் எழுதினார்கள். 2014ல் இரண்டு பிரிட்டிஷ்காரர்கள், லெகோ மோட்டார்களையும் ஒரு கைத்தொலைபேசியையும் இணைத்து ரூபிக் கனசதுரத்தை 3.253 விநாடியில் தீர்த்தார்கள். அதே ஆண்டு கலிபோர்னியாவில் 12 வயது சுபம் பானர்ஜி, இவி3 பெட்டியைக் கொண்டு பிரெயில் எழுத்து அச்சிடும் ‘பிரெய்கோ’வை உருவாக்கினார். என்னைக் கேட்டால் ரூபிக்கைவிட இதற்குத்தான் கைதட்டுவேன்.

‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ என்ற பெயர், எம்ஐடி பேராசிரியர் சீமோர் பாப்பர்ட் 1980ல் வெளியிட்ட நூலின் தலைப்பிலிருந்து வந்தது. கணினிக்குக் கட்டளை எழுதிப் பழகும் பிள்ளைகள், செய்தது சரியா தப்பா என்பதோடு நிற்காமல், எங்கே பிசகியது, எப்படிச் சரிசெய்யலாம் என்று கேட்பார்கள் என்பது அவர் நம்பிக்கை. பதினான்கு வயதில் நான் கேட்டது யார் செய்த தப்பு என்று மட்டும்தான். அதற்கும் தவறான விடையைச் சொன்னேன்.

பழைய ரோபோவை நினைவிலிருந்து மறுபடியும் கட்டினேன். வெள்ளை அட்டையில் கறுப்பு ஒட்டுநாடாவை ஒட்டி, சமையலறைத் தரையில் வைத்தேன். பழைய உயரத்தில் வெள்ளைக்கு 60 வந்தது. ரோபோ அழகாக ஓடியது. ஒரு துளை மேலே ஏற்றினேன். லெகோவில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடைவெளி 8 மில்லிமீட்டர். வெள்ளைக்கு வந்த எண் 27. எல்லை 35 என்றால், அதற்கு உலகமே கறுப்பு! வலப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது, அன்று சுற்றிய அதே சுற்று.

அதைக் காணொளியாக எடுத்துத் தோழிக்கு அனுப்பினேன். கீழே, “நிரல் சரியாத்தான் இருந்துச்சு. உணர்கருவியை நான்தான் ஏத்தி வச்சேன். மன்னிச்சிடு” என்று எழுதினேன். அன்று பதில் இல்லை. மறுநாள் இரவு வந்தது.

“அந்த 35ஐ எத்தனை ராத்திரி மாத்தி மாத்திப் பார்த்தேன் தெரியுமா உனக்கு?”

என்ன எழுதுவதென்று தெரியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் கழித்து இன்னொன்று: “சனிக்கிழமை பெட்டியை எடுத்துட்டு வா.”

வந்தவள் முதலில் அந்த 35ஐ அழித்தாள். இப்போது ரோபோ புறப்படுமுன் இடமும் வலமும் ஒருமுறை அசைந்து, வெள்ளைக்கு எவ்வளவு, கறுப்புக்கு எவ்வளவு என்று தானே அளந்து எல்லையை வைத்துக்கொள்கிறது. சோதித்துப் பார்க்க, உணர்கருவியை ஒரு துளை மேலே ஏற்றினாள். என்னிடம் சொல்லிவிட்டுத்தான்.