முள்ளோடு உண்ண வேண்டிய மீன்

டப்பாவில் அடைத்து விற்கப்படும் உணவு எதுவாயினும் அது சத்து இழந்த பண்டம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பல உணவுகளைப் பொறுத்தவரை அந்த எண்ணத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால், தமிழகக் கடற்கரையில் மத்தி என்றும் சாளை என்றும் வழங்கும் மீனுக்கு உறவான சார்டின் மீன்கள், டப்பாவுக்குள் போனபின் ஒரு முக்கியமான சத்தில் புதுமீன் கறியையே விஞ்சிவிடுகின்றன. அந்தச் சத்து சுண்ணாம்புச்சத்து, அதாவது கால்சியம். அதைத் தருவதோ, உண்பவர்கள் வழக்கமாக இலையோரம் ஒதுக்கிவைக்கும் முள்.

சார்டின் என்பது ஒற்றை மீனின் பெயரன்று. கூட்டமாகத் திரியும், எண்ணெய்ப்பசை மிகுந்த பல சிறுமீன் இனங்களுக்கு வணிக உலகம் இட்ட பொதுப்பெயர். ஐரோப்பாவின் அட்லாண்டிக் கரையோரத்திலும் மத்தியதரைக் கடலிலும் மொராக்கோவின் கடற்பரப்பிலும் பிடிபடும் சார்டினா பில்கார்டஸ் இவற்றுள் நெடுங்காலப் புகழ் பெற்றது. அரபிக்கடலிலும் வங்கக்கடலிலும் கிடைக்கும் மத்தியின் அறிவியல் பெயர் சார்டினெல்லா லாங்கிசெப்ஸ்.

தகரத்துக்குள் புகுந்த கதை

கண்ணாடிப் புட்டியில் உணவை நிரப்பி, தக்கையால் இறுக மூடி, கொதிநீரில் நெடுநேரம் வைத்துக் கெடாமல் காக்கும் முறையைப் பிரான்சு நாட்டின் நிக்கோலா அப்பேர் பல ஆண்டு முயற்சிக்குப் பின் 1810இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட், தகரக் கலங்களையும் இதற்குப் பயன்படுத்தலாம் என்று காப்புரிமை பெற்றார். 1820களில் பிரான்சின் நாந்த் நகரில் ஜோசப் கொலான் எண்ணெயில் இட்ட சார்டினைத் தகரத்தில் அடைத்து வணிகப் பொருளாக்கினார். உணவு ஏன் கெடாமல் இருக்கிறது என்பதற்கு அப்போது எவரிடமும் விடை இல்லை. கெடுதலுக்குக் காரணம் நுண்ணுயிர்களே என்பதை 1860களில் லூயி பாஸ்டர் நிறுவிய பிறகுதான் அந்தக் கைப்பழக்கத்துக்கு அறிவியல் விளக்கம் கிடைத்தது.

இன்றைய தொழிற்கூடங்களில் செதில், தலை, குடல் ஆகியவை நீக்கப்பட்ட மீன், உப்புநீரில் சிறிது நேரம் ஊறியபின் டப்பாவில் நெருக்கமாக அடுக்கப்படுகிறது. நீராவியில் வேகவைத்து, வடிந்த நீரை அகற்றி, எண்ணெயோ தக்காளிச் சாறோ ஊற்றியபின், மூடியின் விளிம்பும் டப்பாவின் விளிம்பும் ஒன்றையொன்று கவ்வி மடியுமாறு இயந்திரம் அதை மூடுகிறது. அடுத்து டப்பாக்கள் ரிட்டார்ட் எனப்படும் அழுத்தக் கொப்பரைக்குள் செல்கின்றன. வீட்டுப் பிரஷர் குக்கரின் பெரிய வடிவமான இதில் வெப்பம் 115 முதல் 121 பாகை செல்சியஸ் வரை உயர்கிறது. காற்றில்லாத இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள், அதாவது கடினமான உறைக்குள் உறங்கும் அதன் வடிவங்கள், 100 பாகைக் கொதிநீரையும் நெடுநேரம் தாங்கக்கூடியவை என்பதால்தான் இத்தனை வெப்பம் தேவைப்படுகிறது.

முள் மென்மையாவது எப்படி?

இந்த வெப்பம் நுண்ணுயிர்களை அழிப்பதோடு நிற்பதில்லை. மீனின் முள், கொல்லாஜன் என்ற புரத நார்களால் பின்னப்பட்ட சட்டகத்தின் மீது கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த கனிமம் படிந்து உருவான பொருள். நார் அதற்கு உறுதியைத் தருகிறது, கனிமம் கடினத்தைத் தருகிறது. ஈரமும் உயர் வெப்பமும் ஒருங்கே தாக்கும்போது, கொல்லாஜன் முறுக்கவிழ்ந்து ஜெலட்டின் என்ற மென்பொருளாக மாறுகிறது. சட்டகம் தளர்ந்துவிட, கனிமம் மட்டும் இருந்த இடத்திலேயே எஞ்சுகிறது. டப்பாவில் உள்ள சார்டினை நீளவாக்கில் பிளந்தால், நடுவில் வெளிறிய சிறு மணிகளைக் கோத்தாற்போல் முதுகெலும்பு தெரியும். அதை இரு விரல்களுக்கிடையே அழுத்தினால் சுண்ணாம்புக்கட்டி போலப் பொடிந்துவிடும். தொண்டையில் சிக்கும் அச்சமின்றி மென்று விழுங்கத்தக்க பொருளாக முள் மாறுவது இவ்வாறுதான்.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுச்சத்துத் தரவுகளின்படி, எண்ணெய் வடித்து முள்ளோடு அளக்கப்பட்ட 100 கிராம் டின் சார்டினில் 382 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. அதே எடையுள்ள பசும்பாலில் இருப்பது ஏறக்குறைய 120 மில்லிகிராம். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்தது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்த 100 கிராம் மீனிலேயே கிடைத்துவிடுகிறது. கால்சியத்தைக் குடல் உறிஞ்சத் துணைபுரியும் வைட்டமின் டி, உணவுகளில் அரிதாகவே காணப்படுவது. அதுவும் இதே 100 கிராமில் 4.8 மைக்ரோகிராம் இருக்கிறது. பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்க இயலாதவர்களுக்கு இது நல்லதொரு மாற்று. முள்ளையும் தோலையும் நீக்கி அடைக்கப்படும் வகைகளில் இந்தக் கால்சியத்தின் பெரும்பகுதி இல்லாமற்போகும்.

மற்ற சத்துகள்

அதே 100 கிராமில் ஏறக்குறைய 25 கிராம் புரதமும், தைராய்டுச் சுரப்பி இயங்கத் தேவையான செலினியம் 53 மைக்ரோகிராமும் உள்ளன. தாவர உணவில் இயல்பாகக் கிடைக்காத வைட்டமின் பி12, ஒரு நாளைய தேவையான 2.4 மைக்ரோகிராமைப்போல மூன்று மடங்குக்கும் மேல் இருக்கிறது. வெப்பத்தால் இழப்பே இல்லை என்று கூற முடியாது; பி1 எனப்படும் தயமின் கணிசமாக அழிகிறது. ஆயினும் பி12, வைட்டமின் டி, கனிமங்கள் ஆகியவை பெருமளவு தாக்குப்பிடிக்கின்றன.

ஒமேகா-3 என்ற கொழுப்பு அமிலங்களுள் மூளைக்கும் விழித்திரைக்கும் இன்றியமையாதது டிஹெச்ஏ. அதன் இணை இபிஏ. இவ்விரண்டும் சேர்ந்து 100 கிராம் டின் சார்டினில் ஏறத்தாழ 1 கிராம் உள்ளன. ஆளிவிதை போன்ற தாவர உணவுகளில் உள்ள வேறொரு ஒமேகா-3யை மனித உடல் இவ்வடிவங்களுக்கு மாற்றும் அளவு மிகச் சிறிது. சார்டினும் இவற்றைத் தானாக உருவாக்குவதில்லை. கடலில் மிதக்கும் நுண்பாசிகள் உருவாக்க, அவற்றையும் அவற்றை மேயும் மிதவைச் சிற்றுயிர்களையும் உண்டு மீன் சேமித்துக்கொள்கிறது. காற்றுப் பட்டால் எளிதில் சிக்கெடுத்துப்போகும் இந்தக் கொழுப்பை, காற்றும் ஒளியும் புகாத டப்பா பாதுகாக்கிறது. ஒமேகா-3 உண்பதால் இதயநோய் வராது என்று உறுதி கூறுவது மிகையாகும்; ஒமேகா-3 மாத்திரைகளால் இதயநோய் குறைவதற்கு வலுவான சான்றில்லை என்று காக்ரேன் அமைப்பின் 2018ஆம் ஆண்டு மதிப்பாய்வு தெரிவித்தது. எனினும், வாரம் இருமுறை மீன் உண்ணுமாறு அமெரிக்க இதயநலச் சங்கம் பரிந்துரைக்கிறது. மாத்திரையில் ஒரு சத்து மட்டுமே இருக்க, மீனில் புரதமும் கனிமமும் வைட்டமின்களும் உடன் வருகின்றன.

சிறுமீன் என்பதும் ஒரு நன்மையே. கடலில் கலந்த பாதரசம், சிறு மீனைப் பெரிய மீன் உண்ண உண்ண உடலில் திரண்டுகொண்டே போகும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அளவீட்டில் சுறாவின் சராசரிப் பாதரசம் பத்து லட்சத்தில் 0.979 பங்கு, சார்டினிலோ 0.013 பங்கு மட்டுமே.

கவனிக்க வேண்டியவை

இத்தனை நலன்கள் இருந்தும், டின் சார்டின் எல்லோருக்கும் அளவின்றி ஏற்றதன்று. அதில் சேரும் உப்பு, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் கவலைக்குரியது. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுவதால், டப்பாவின் மேலுள்ள சோடியம் அளவைப் பார்த்து வாங்குவதும், சமைக்கும்போது தனியாக உப்பிடாமல் இருப்பதும் நல்லது. சார்டினில் மிகுதியாக உள்ள பியூரின், உடலில் யூரிக் அமிலமாக மாறுவதால், கவுட் என்ற மூட்டுவாத நோய் உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பதே நலம். பிடித்த மீனைப் பனிக்கட்டியில் வைக்காமல் விட்டால், பாக்டீரியாக்கள் அதில் உண்டாக்கும் ஹிஸ்டமின், ரிட்டார்ட்டின் வெப்பத்திலும் அழியாமல் நின்று தோல் சிவப்பையும் தலைவலியையும் உண்டாக்கும். வாயில் மிளகுக் காரம்போல் உறைத்தால் அந்த மீனை உண்ணக் கூடாது. உப்பிய, கசியும், விளிம்பு நசுங்கிய டப்பாக்களைத் திறக்காமலே கழித்துவிட வேண்டும். திறந்தபின் மிஞ்சியதை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, ஓரிரு நாளுக்குள் உண்டுவிட வேண்டும்.

கடற்கரையில் வாழ்வோருக்குப் புதிய மத்தி அன்றாடம் கிடைக்கிறது. அதற்கு ஈடான சுவை டப்பாவில் இல்லை. ஆனால், கடலிலிருந்து தொலைவில் வாழ்வோருக்கும், குளிர்பெட்டி இல்லாத வீட்டுக்கும், பால் ஒவ்வாத உடலுக்கும், தகரத்தில் அடைத்த இந்தச் சிறுமீன் எளிய, நம்பத்தக்க ஊட்டம். அந்த ஊட்டத்தை முழுமையாகப் பெற விரும்புவோர் செய்ய வேண்டியது ஒன்றே: டப்பாவைத் திறந்ததும் முள்ளை எடுத்து எறியாமல், மீனோடு சேர்த்து மசித்துக் குழம்பிலோ பொரியலிலோ கலந்து உண்ண வேண்டும்.