முன்னாசனத்தின் கீழ் ஒரு தராசு

மோட்டார் வாகனங்களில் உயிர்காக்கும் சாதனமாகப் பொருத்தப்படும் காற்றுப்பை, சில வேளைகளில் உயிரைப் பறிக்கவும் கூடும் என்பதை நம்மில் பலர் அறிந்திருப்பதில்லை. மோதல் நிகழ்ந்ததும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பெரும் விசையுடன் விரியும் இப்பை, ஆசனப்பட்டி அணிந்த வளர்ந்தவரின் தலையையும் மார்பையும் தாங்கிக்கொள்கிறது. அதே விசை முன்னாசனத்திலுள்ள சிறு பிள்ளையைத் தாக்குமாயின் விளைவு விபரீதமாகிவிடும். அமெரிக்காவில் 1990 முதல் 2008 வரை, குறைந்த வேகத்தில் நிகழ்ந்த விபத்துகளில் முன்புறக் காற்றுப்பை விரிந்தமையால் 290 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பயணி ஆசனத்தில் இருந்தோரில் மிகப் பெரும்பாலானோர் சிறுவர்களும் கைக்குழந்தைகளுமாவர்.

இந்த அவலத்தின் விளைவாக அமெரிக்கா 2000 ஆம் ஆண்டில் தனது பாதுகாப்பு விதிகளைத் திருத்தியது. அதனைத் தொடர்ந்து, அமர்ந்திருப்பவரை இனங்காணும் உணரிகள் பல வாகனங்களின் பயணி ஆசனத்தில் இடம்பெறலாயின. சிலவற்றில் ஆசனத்தின் அடியில் எடையை உணரும் கருவிகள் உள்ளன. வேறு சிலவற்றில் மெத்தையின் கீழுள்ள பையொன்றின் மூலம் அழுத்தம் அளவிடப்படுகிறது. ஆசனம் வெறுமையாக உள்ளதா, இருப்பவர் பிள்ளையா, வளர்ந்தவரா எனத் தீர்மானிக்கும் கணினி, அதற்கேற்பக் காற்றுப்பையை இயங்கவிடுகிறது அல்லது தடுத்துவிடுகிறது.

சுருங்கக் கூறின், அது ஒரு தராசு. கடைத் தராசு சரிபார்க்கப்பட வேண்டுமென வற்புறுத்தும் நாம், இத்தராசைப் பற்றிச் சிந்திப்பதில்லை. ஆசனத்தைக் கழற்றிப் பூட்டினாலோ, மெத்தையை மாற்றினாலோ, வாகனம் விபத்துக்குள்ளானாலோ அதன் பூச்சிய நிலை பிசகிவிடலாம். இதனாலேயே டொயோட்டா நிறுவனத்தின் திருத்தக் கைநூல்கள், சமதரையில் நிறுத்திய வாகனத்தின் ஆசனத்தை வெறுமையாக்கி, பரிசோதனைக் கருவி மூலம் பூச்சிய நிலையை நிர்ணயிக்குமாறு கூறுகின்றன. பின்னர் 30 கிலோ எடையை ஆசனத்தில் வைத்தால், கணினி 27 முதல் 33 கிலோ வரையில் காட்ட வேண்டும்.

உணரி பிழைத்தால் ஆபத்து இருவகைப்படும். பிள்ளையை வளர்ந்தவராகக் கணித்தால் விரியக்கூடாத பை விரியும். வளர்ந்தவரை வெற்றாசனமாகக் கணித்தால் விரிய வேண்டிய பை விரியாது. இந்த இரண்டாவது குறைபாடு காரணமாக நிசான் நிறுவனம் அமெரிக்காவில் 2014 இல் ஏறத்தாழ 990,000 வாகனங்களையும், 2016 இல் 30 இலட்சத்துக்கும் அதிகமான வாகனங்களையும் மீள அழைக்க நேர்ந்தது.

நமது வீதிகளில் ஓடும் வாகனங்களில் கணிசமானவை ஜப்பானில் பாவிக்கப்பட்ட பின்னர் இறக்குமதியானவை. அவை அனைத்திலும் இவ்வுணரி உண்டெனக் கொள்ள முடியாது. எனவே நமது வாகனத்தில் அது உள்ளதா என முதலில் கேட்டறிதல் வேண்டும். இருப்பின், ஆசனத்தில் வேலை செய்யும் கராஜில் பூச்சிய நிலையைச் சரிபார்க்குமாறு கோருவது நமது உரிமையாகும். தடித்த மேலுறைகளும் ஆசனத்தின் கீழ்த் திணிக்கப்படும் பொதிகளும் அளவீட்டைக் குழப்பக்கூடும். எரியும் எச்சரிக்கை விளக்கை இணைப்பைத் துண்டித்து அணைப்பது திருத்தவேலை ஆகாது. அது அபாயத்தை மறைப்பதே ஆகும்.

எவ்வளவு நுட்பமான உணரியும் பெற்றோரின் அவதானத்துக்கு ஈடாகாது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்னாசனத்தில் பயணிக்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். 12 வயது வரையான பிள்ளைகளுக்குரிய இடம் பின்னாசனமே.