கறுப்புக் கண்ணாடியும் கரையேற்றும் கம்பமும்

தஞ்சை ஜில்லா என்றவுடன் நெல்வயலும் வாய்க்காலும் பெரிய கோயில் விமானமும் மனக்கண்ணில் தோன்றுகின்றனவேயன்றி, அந்த ஜில்லாவுக்கு ஒரு கடற்கரையும் உண்டென்பது வெளியூராருக்கு மட்டுமல்ல, கும்பகோணத்தார் பலருக்கே சற்று யோசித்தால்தான் ஞாபகத்துக்கு வரும். அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் என்று பாக் நீரிணையை ஒட்டி நீளும் அந்தக் கரையில், நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் ஞாபகார்த்தமாக இரண்டாம் சரபோஜி மன்னர் எழுப்பிய மனோராவும் நிற்கிறது. அதன் பக்கத்துக் கரைகளில் ஃபைபர் படகுகள் ஏறியும் இறங்கியும் கொண்டிருக்கின்றன. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டுக் கரை நெடுகிலும் கட்டுமரத்தின் இடத்தை விரைந்து பிடித்துக்கொண்ட படகு அது.

இவையெல்லாம் ஜீவனத்துக்கான படகுகள். உல்லாசத்துக்கென்று படகேறுவதானால் டெல்டாவாசிகள் முத்துப்பேட்டைக்குப் போய்க் கோரையாற்றின் வழியே அலையாத்திக் காட்டையும் காயலையும் பார்த்து வருவார்கள். அல்லது கொள்ளிடத்துக்கு அப்பால் பிச்சாவரத்துக்குச் செல்வார்கள். சொந்தமாக ஒரு சிறு படகு வாங்கி, அதைக் காருக்குப் பின்னால் டிரெய்லரில் பூட்டி, நினைத்த நீர்நிலைக்கு இழுத்துச் செல்லும் பழக்கம் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சர்வசாதாரணம். நம் பக்கத்தில் இன்னும் அபூர்வம். அப்படிப்பட்ட படகை வாங்கியவர்கள் வழக்கமாகச் செய்துகொள்ளும் சில்லறைச் சௌகரியங்களில் இரண்டு உண்டு: ஜன்னல்களுக்குச் சன் பிலிம் ஒட்டுவது ஒன்று, டிரெய்லரின் இருபுறமும் வழிகாட்டிக் கம்பங்கள் நிறுத்துவது மற்றொன்று. முதலாவது வெயிலுக்கு, இரண்டாவது கரைக்கு. படகின் துன்பங்களில் பெரும்பகுதி தண்ணீரால் வருவதில்லை, இவ்விரண்டால்தான் வருகிறது என்பது படகு வைத்திருப்பவர் எவரும் அறிந்த விஷயம்.

முதலில் வெயிலைப் பார்ப்போம். தஞ்சாவூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய பதினொரு பாகையில் இருக்கிறபடியால், சித்திரை பிறந்த முதல் வாரத்திலும், ஆவணி பிறந்து ஒரு வாரம் ஆகும் தறுவாயிலும் சூரியன் நடுப்பகலில் நம் உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்கிறான். ஆகவே குளிர்நாட்டார் படகில் பக்கத்து ஜன்னலுக்குச் செய்யும் உபசாரத்தை நாம் முதலில் கூரைக்குச் செய்ய வேண்டும். நடுப்பகலில் ஒரு நல்ல தார்ப்பாய் தரும் நிழலை எத்தனை உயர்ந்த பிலிமும் தர இயலாது. ஆனால் மாலை நான்கு மணிக்குமேல் சூரியன் சாய்ந்து, அவன் கிரணங்கள் நேராக ஒருமுறையும் நீர்ப்பரப்பில் பட்டுத் தெறித்து மறுமுறையும் முகத்தில் அறையும்போது, கூரையால் ஒரு பிரயோஜனமும் இல்லாமல் போகிறது. பிலிமுக்கு வேலை வருவது அப்போதுதான்.

அந்தப் பிலிம் மெல்லிய பாலியெஸ்டர் தாள்; சாயத்தையோ, உலோகத் துகளையோ, பீங்கான் இனத்துத் துகளையோ தன்னுள் கொண்டு, ஒளியில் ஒரு பங்கையும், புற ஊதாக் கதிரில் பெரும்பங்கையும் தடுக்கிறது. 35 என்று எண் போட்ட பிலிம் நூற்றுக்கு 35 பங்கு ஒளியை உள்ளே விடும். ஜன்னல் முன்னமேயே சாயம் ஏறியதாக இருந்து, அது 70 பங்கை மட்டும் விடுவதாயின், இரண்டும் சேர்ந்த பின் உள்ளே வருவது கால் பங்குக்கும் குறைவு என்பதைக் கடையில் நிறத்தைப் பார்த்து மயங்கும் வேளையில் பலர் கணக்கிடுவதில்லை.

அதைவிட முக்கியமான சங்கதி, ஜன்னல் என்று நாம் சொல்வது படகில் பெரும்பாலும் கண்ணாடியே அல்ல என்பது. விரல் கணுவால் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கண்ணாடி கணீரென்று பேசும், அக்ரிலிக்கும் பாலிகார்பனேட்டும் மந்தமாகத் 'தொப்' என்று நின்றுவிடும். அக்ரிலிக் வெயிலில் கண்ணாடியைப் போல ஏழெட்டு மடங்கு விரியும் சுபாவம் உடையது. பாலிகார்பனேட்டோ உள்ளுறைந்த ஈரத்தையும் வாயுவையும் மெல்ல வெளியே விட்டு, மேலே ஒட்டிய பிலிமைக் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிவிடும். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ கார் அலங்காரக் கடையில் இந்த வேலை செய்யும் பையன்கள் கைதேர்ந்தவர்களே. சோப்புத் தண்ணீரைத் தெளித்து, பிலிமை மிதக்கவிட்டு, ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைத் தள்ளி, பிளேடால் விளிம்பைச் சீவி முடிக்கும் லாகவம் பார்க்கவே அழகு. எனினும் அவர்கள் கை பழகியது கண்ணாடியில். எனவே உள்ளங்கையளவு துண்டு ஒன்றை ஜன்னலின் மூலையில் ஒட்டச் சொல்லி, ஒரு வாரம் நல்ல வெயிலில் படகை நிறுத்திப் பார்த்துவிட்டு, அதன்பின் முழுவதும் ஒட்டுவதே விவேகம். ஒட்டிய பிறகு அமோனியா கலந்த திரவத்தால் துடைக்கலாகாது. பிலிமும் கெடும், அக்ரிலிக்கும் நுண்ணிய வெடிப்புக் காணும்.

முன்பக்கத்துக் கண்ணாடிக்கு மட்டும் எதையும் ஒட்டவே கூடாது என்பது என் அபிப்பிராயம். சாலை வாகனத்துக்கு முன், பின் கண்ணாடிகள் 70 சதவிகிதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவிகிதமும் ஒளியை விட வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகள் சொல்லின. பிலிம் ஒட்டுவதையே உச்ச நீதிமன்றம் 2012இல் தடுத்தது. அவை படகைக் கட்டுப்படுத்துவன அல்ல. ஆயினும் கண்ணாலும் காதாலும் இடைவிடாது கண்காணித்துச் செல்க என்பது 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் விதிகளில் ஐந்தாவது. இருட்டிய பின் எதிரே வரும் படகின் இடப்பக்கச் சிவப்பும் வலப்பக்கப் பச்சையுமே அது போகும் திசையை நமக்கு அறிவிக்கின்றன. நம் கடலில் விளக்கே இல்லாத வள்ளங்களும் உண்டு. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அவற்றைத் தேடுவது தற்கொலைக்குச் சமானம்.

இனி கம்பம். டிரெய்லரைச் சரிவில் பின்னோக்கித் தள்ளி நீருக்குள் அமிழ்த்தி, அதன்மேல் படகை மிதந்தபடியே ஏற்ற வேண்டும். அமிழ்ந்த மறுகணம் டிரெய்லர் கண்ணுக்கு மறைந்துபோகிறது. படகோட்டி எதை நோக்கி ஓட்டுவது? கச்சானோ வாடையோ குறுக்கே வீசினால் அணியம் உள்ளே நுழைந்தும் பின்புறம் விலகிப் படகு கோணலாக உட்கார்ந்துவிடும். மனைவி மக்கள் முழங்கால் நீரில் இறங்கித் தள்ள, கரையில் நிற்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்ல, உல்லாசம் முழுவதும் அங்கேயே தீர்ந்துபோகும். டிரெய்லரின் பின்பகுதியில் பக்கத்துக்கு ஒன்றாக நிமிர்ந்து, நீர்மட்டத்துக்கு மேலே தலைகாட்டும் இரு கம்பங்கள் இந்தச் சங்கடத்தைத் தீர்க்கின்றன. திருவாரூர் ஆழித்தேர் வீதிமுனையில் திரும்புகையில் முட்டுக்கட்டை போடுகிறவர் தேரின் பாரத்தோடு மல்லுக்கு நிற்பதில்லை; அது போகிற போக்கிலேயே சற்றுத் திருத்திவிடுகிறார். இந்தக் கம்பங்களும் அத்தகைய உத்தியோகம் பார்ப்பவையே. படகை நிறுத்தும் பலம் அவற்றுக்குத் தேவையில்லை. உரசி நேராக்கும் பலம் இருந்தால் போதும். காரை ஓட்டுகிறவருக்கும் அவற்றால் ஒரு லாபம் உண்டு: வெறும் டிரெய்லரைப் பின்னால் தள்ளும்போது அது எங்கே திரும்புகிறது என்பது கண்ணாடியில் தெரியும்.

செய்வதும் கடினமல்ல. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை யு-போல்ட்டால் டிரெய்லர் சட்டத்தில் இறுக்கி, அதன்மேல் போர்செட்டுக்கு வாங்கும் பிவிசி குழாயை உறைபோல் மாட்டி, தலையில் ஒரு மூடி போட்டால் முடிந்தது. வெள்ளைக் குழாய் அந்தியிலும் கண்ணுக்குத் தெரியும். கவனம் வேண்டியது இடைவெளியில்தான். படகு டிரெய்லர்மேல் நட்டநடுவில் சரியாக அமர்ந்திருக்கும்போதே அளவெடுத்து, விளிம்புக்கும் கம்பத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரற்கடை விட வேண்டும். நெருக்கினால் படகின் வர்ணம் போகும். அகல விட்டால் கம்பம் வெறும் அலங்காரம். பின்விளக்குகளைக் கம்பத்தின் உச்சியில் பொருத்திவிட்டால் அவை நீரில் மூழ்காமல் பிழைக்கும்.

ஒரு பிலிமுக்கோ ஒரு ஜோடிக் கம்பத்துக்கோ மட்டுமே பணம் இருக்கிறதென்றால் கம்பத்தையே முதலில் நிறுத்தச் சொல்வேன். வெயிலைத் தார்ப்பாயும் தொப்பியும் சமாளித்துவிடும். காற்றைச் சமாளிக்க வேறு வழியில்லை. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரை கடந்தபோது மல்லிப்பட்டினத்திலும் சேதுபாவாசத்திரத்திலும் விசைப்படகுகள் ஒன்றோடொன்று மோதிச் சிதைந்தன. அந்தப் பெரும் படகுகளுக்கு டிரெய்லர் உதவாதுதான்; சிறு படகுக்காரருக்கோ புயல் கூண்டு ஏறிய பிறகு கிடைக்கும் சில மணி நேரத்தில், எழும்பத் தொடங்கிவிட்ட காற்றிலேயே படகை ஏற்றிப் பட்டுக்கோட்டைப் பக்கம் கொண்டுபோய்விடும் வசதி இதனால் கிட்டுகிறது.

ஆனால் ஏற்றுவதற்கு இடம் வேண்டும். இந்தக் கரை பெரும்பாலும் சேறு. காரின் சக்கரம் அச்சு வரை புதையும், அதனால் காருக்குப் பதில் டிராக்டரே உத்தமம். நீரும் ஆழம் குறைந்தது. அடியில் கடற்புல் வளர்கிறது, அதை மேயும் கடற்பசுவுக்காகத் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் 2022இல் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆகையால் கரையை நெருங்கும்போது இயந்திரத்தைத் தூக்கிவிட்டுக் கழி ஊன்றி வருவதுதான் முறை.

இழுத்து வந்த டிரெய்லரை உடனே உப்பு நீரில் இறக்காமல் சக்கரத்துப் பேரிங் ஆறும் வரை கால்மணி நேரம் பொறுப்பது நல்லது. சூடான பேரிங் குளிர்ந்த நீரைக் கண்டதும் உள்ளே உறிஞ்சிக்கொண்டு கிரீஸைக் கெடுத்துவிடும். வீடு திரும்பியதும் கம்பம், போல்ட்டு, சட்டம் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். துத்தநாகப் பூச்சு உள்ள யு-போல்ட்டுகளையும் வருஷம் ஒருமுறை கழற்றிப் பார்த்து, துரு ஏறியதை மாற்றிவிட வேண்டும்.