தள்ளிவைக்கலாம், தேதியோடு

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், டெல்டா மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப்போட்டது. நிவாரணம் முடிவதற்குள், மு. கருணாநிதியின் மறைவால் காலியான திருவாரூர் தொகுதிக்கு 2019 ஜனவரி 28-இல் இடைத்தேர்தல் என்று அறிவிப்பு வந்தது. ஜனவரி 7-இல் தேர்தல் ஆணையமே அதை ரத்து செய்தது. அது சரியான முடிவு. புயல் சேதத்தைக் கணக்கெடுக்கும் வருவாய்த் துறையினர்தாம் தேர்தல் வேலைக்கும் போயாக வேண்டும். கூரை பறிபோன குடும்பத்துக்கு வரும் நிவாரணம் ஓட்டுக்கான விலையாக மாறும் ஆபத்தும் இருந்தது. ஆனால் மறுதேதி மார்ச் 10 வரை தெரியவில்லை. ஏப்ரல் 18-இல் ஓட்டுப்போட்டு, மே 23-இல்தான் முடிவு வந்தது. புயலடித்த நாளிலிருந்து ஆறு மாதம், கேள்வி கேட்க ஒரு சட்டமன்ற உறுப்பினர் அந்த மக்களுக்கு இல்லை.

பேரிடரில் தேர்தலைத் தள்ளிவைப்பது தவறல்ல. தேதி சொல்லாமல் தள்ளிவைப்பதுதான் தவறு. 2001 செப்டம்பர் 11 காலை, நியூயார்க்கில் கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்குப்பதிவு தொடங்கியிருந்தபோதுதான் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டன. வாக்குப்பதிவு நிறுத்தப்பட்டது, இரண்டே வாரத்தில், செப்டம்பர் 25-இல், மீண்டும் நடந்தது. இலங்கையின் கதை வேறு. 2023 மார்ச் 9-இல் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், பொருளாதார நெருக்கடியைக் காரணம் காட்டி அரசு பணம் விடுவிக்காததால் ஏப்ரல் 25-க்குத் தள்ளிப்போனது; அன்றும் நடக்கவில்லை. மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதாக 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6-இல். நெருக்கடி உண்மையானதுதான். ஆனால் தேர்தலைச் சந்திக்க வேண்டிய அரசின் கையிலேயே கஜானாச் சாவியும் இருந்தது.

வெள்ளம் எப்போது வடியும் என்று தெரியாதபோது தேதி எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சொன்ன தேதியை மாற்ற நேர்ந்தால், காரணத்தை எழுத்தில் சொல்லி மாற்றட்டும். அந்தக் காரணத்தை நீதிமன்றத்தில் சோதிக்க முடியும். தேதியே இல்லாவிட்டால் எதைச் சோதிப்பது? சோறில்லாதவருக்கு ஓட்டு எதற்கு என்பது இன்னொரு வாதம். சோறு யாருக்குப் போகிறது, யாரை விட்டுவிடுகிறது என்று தட்டிக்கேட்க ஒரு பிரதிநிதி மற்றவர்களைவிட அவருக்குத்தான் அவசரமாகத் தேவை. இயற்கைப் பேரிடரால் வாக்குப்பதிவு நடுவில் நின்றால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 57-ஆவது பிரிவுப்படி, ஆணையத்தின் ஒப்புதலோடு மறுதேதி குறித்தாக வேண்டும். அந்தக் கட்டாயம் முழுத் தேர்தலை ரத்து செய்யும் உத்தரவுக்கும் வர வேண்டும்.