வெள்ளி இரவின் ஓதல்

வெள்ளி இரவில் கல்முனைக்குடியின் ஒழுங்கைகளில் நடந்தால், ஏதாவதொரு வீட்டிலிருந்து யாசீன் ஓதும் பெண்குரல் கேட்கும். குர்ஆனின் 36ஆவது அத்தியாயம், 83 வசனங்கள். மவுத்தானவருக்காக ஓதுவது, ஓதுகிறவரையும் அதுவே தாங்கிப் பிடிக்கிறது.

புருஷன் மவுத்தானால் பெண்ணுக்கு நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா என்னும் துக்க காலம். கர்ப்பிணியென்றால் பிள்ளை பிறக்கும்வரை. அலங்காரம் இல்லை, அவசியமின்றி வெளியே போவதில்லை. எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர்தான் அந்தப் புருஷன். அவர் சாய்ந்திருந்த திண்ணையைப் பார்த்தபடியே அவள் அத்தனை நாளும் இருக்க வேண்டும்.

மாரடித்து ஒப்பாரி வைப்பதை மார்க்கம் தடுக்கிறது. கண்ணீரைத் தடுக்கவில்லை, மகன் இப்றாஹீம் மறைந்தபோது நபி (ஸல்) அவர்களே அழுதார்கள். ஒப்பாரியில் போக முடியாத துயரம் ஓதலின் இழுவைக்குள்ளும் இறைவனிடம் இறைஞ்சும் முனாஜாத்தின் ராகத்துக்குள்ளும் போய்ச் சேர்கிறது. இதைக் கலை என்று சொல்ல நம்மில் பலர் தயங்குகிறார்கள். மூச்சை எங்கே பிடிப்பது, எந்த எழுத்தை எவ்வளவு நீட்டுவது என்று சிறுவயது முதல் பழகியதைக் கலை என்றுதான் நான் சொல்வேன்.

ஆண்களுக்கு இத்தா இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதிகம் பெண்களும் பிள்ளைகளும். மனைவியையும் மனைவியின் வீட்டையும் ஒரே காலையில் இழந்த ஆண்கள் மருதமுனையிலும் சாய்ந்தமருதுவிலும் இருந்தார்கள். துக்கம் காக்க அவர்களுக்கென்று நாள்கணக்கு கிடையாது. ஆனால் முன்மாதிரி உண்டு. நபியவர்களின் மனைவி கதீஜா நாயகி மறைந்த ஆண்டே துயர ஆண்டென்று பெயர் பெற்றது. அதன்பின் பல காலம் கழித்தும், வீட்டில் ஆடறுத்தால் நாயகியின் தோழியருக்கு நபியவர்கள் பங்கு அனுப்புவார்கள்.

ஓதலுக்குப் பக்கத்திலேயே நாட்டார் கவியும் வாழ்ந்தது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் இந்தக் கரையின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். சாய்ந்தமருது கவிஞர் அனார் 2013இல் ‘பொடுபொடுத்த மழைத்தூத்தல்’ என்ற பெயரில் காதல் கவிகளைத் தொகுத்துத் தந்தார். மச்சானை விளித்துக் கட்டியவை பல. பெயர் தெரியாத பெண்கள் கட்டியவை. உயிரோடிருந்த மச்சானுக்கான கவியை, அவர் போன பின் ஒரு மூத்தம்மா முணுமுணுத்தால், ஒரு சொல்லும் மாறாமலே அது துஆவாகிவிடும்.

கவிகளில் ஒரு பங்காவது புத்தகத்துக்கு வந்துவிட்டது. முனாஜாத்தை மூத்தம்மா இழுத்த ராகம் எந்த ஏட்டிலும் ஏறாது. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழில் முனாஜாத் படித்த தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படியொருவர் இருந்தால், வரும் வெள்ளி இரவு பக்கத்தில் உட்காருங்கள். அவர் சம்மதித்தால் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். ஊருக்குப் போட்டுக்காட்ட வேண்டாம்; பேரப்பிள்ளைகளிடம் இருந்தால் போதும்.