மாதச் சந்தாவில் எரியும் சூரிய விளக்கு

மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிட்டால் மின்சாரம் இல்லாத வீட்டில் வேலைகளின் ஒழுங்கே மாறிவிடும். இருட்டுமுன் ஆணம் அடுப்பிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். பிள்ளைகளின் பாடமும் ஓதலும், உம்மாவின் தையலும், வாப்பாவின் கணக்கும் ஒரே குப்பி விளக்கைச் சுற்றித்தான். யார் வெளிச்சத்தில் இருப்பது, யார் மற்றவரின் நிழலில் இருப்பது என்று அன்றாடம் ஒரு சின்ன வழக்கு நடக்கும். 2022 ஆம் ஆண்டு மார்ச் முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டபோது, இதையெல்லாம் மறந்திருந்த நமது வீடுகளும் அந்தப் பழைய வாழ்க்கையைக் கொஞ்சம் வாழ்ந்து பார்த்தன.

உலகில் சுமார் 66 கோடி 60 இலட்சம் பேருக்கு இது மின்வெட்டல்ல, என்றென்றும் உள்ள நிலை. 2023 ஆம் ஆண்டுக்கான சர்வதேசக் கணக்கு இது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஸஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்க நாடுகளில் வாழ்கிறார்கள். மண்ணெண்ணெய்ப் புகையை அதிகம் சுவாசிப்பவர்கள் வீட்டோடு இருக்கும் பெண்களும் கைக்குழந்தைகளும். விளக்குச் சரிந்து ஏற்படும் தீக்காயங்களும் அவர்களுக்குத்தான் அதிகம்.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத இந்த ஊர்களில் சூரிய சக்தியால் விளக்கேற்றலாம் என்பது பழைய யோசனைதான். தகடுகளை இனாமாகக் கொண்டுவந்து கொடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். வெட்டித் திறப்பார்கள், படம் பிடிப்பார்கள், போய்விடுவார்கள். மூன்றாம் வருடம் பற்றரி செத்துப் போகும். தகடு கூரையில் இருக்கும், கீழே பழையபடி குப்பி விளக்கு எரியும். அந்த மூன்றாம் வருடத்தை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு விடை தேடிய ஓர் ஊரைப் பற்றியே இங்கு சொல்ல வந்தோம்.

அஜ்மீருக்குப் பக்கத்தில்

அஜ்மீர் என்றதும் ஹாஜா முஈனுத்தீன் சிஷ்தி அவர்களின் ஸியாரம் நமக்கு ஞாபகம் வரும். இந்தியாவின் ராஜஸ்தானில், அதே அஜ்மீர் மாவட்டத்தில், வறண்ட பூமியில் உள்ள சிறிய ஊர் திலோனியா. 1972 ஆம் ஆண்டு பங்கர் ராய் என்பவர் இங்கு ஒரு நிலையத்தை ஆரம்பித்தார். வசதியான குடும்பத்தில் பிறந்து, பெரிய கல்லூரிகளில் படித்தவர். கிராமத்தின் பிரச்சினையைக் கிராமத்து மக்களே தீர்க்கலாம், அதற்குப் பட்டதாரி தேவையில்லை என்பது அவருடைய பிடிவாதம். நிலையத்துக்கு நாளடைவில் ‘வெறுங்கால் கல்லூரி’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. சான்றிதழ் கொடுக்காத கல்லூரி அது.

சான்றிதழ் கொடுக்காததற்கு அவர் சொல்லும் காரணம் வேடிக்கையானது, ஆனால் உண்மை. இளைஞனுக்குத் தொழிலைப் பழக்கிச் சான்றிதழும் கொடுத்தால் அடுத்த நாளே அவன் பட்டணத்துக்கு பஸ் ஏறிவிடுகிறான். ஊர் பழையபடி இருட்டில் கிடக்கிறது. ஊரை விட்டுப் போகாத ஆள் யார் என்று பார்த்தபோது விடை எளிதாகக் கிடைத்தது. பேரப்பிள்ளைகளைக் கண்ட மூத்தும்மா எங்கே போகப் போகிறாள்?

இப்படித்தான் எழுதப் படிக்கத் தெரியாத, முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களைச் சூரிய மின் பொறியியலாளர்களாக ஆக்கும் வேலை தொடங்கியது. முதலில் இந்தியக் கிராமத்துப் பெண்கள். பிறகு ஆப்கானிஸ்தானிலிருந்து கணவர்மாருடன் வந்து கற்றுச் சென்ற பெண்கள். 2008 ஆம் ஆண்டு முதல் இந்திய அரசாங்கம் பயணத்துக்கும் பயிற்சிக்கும் உதவ முன்வந்ததால் ஆபிரிக்காவின் பல மூலைகளிலிருந்தும் பெண்கள் திலோனியாவுக்கு வந்தார்கள். அவர்களில் பலர் அதுவரை தமது மாகாணத்தைக்கூடத் தாண்டாதவர்கள்.

ஆறு மாதப் பயிற்சி. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது, ஆசிரியை பேசும் ஹிந்தி யாருக்கும் தெரியாது. ஆசிரியைகளிலும் பலர் பள்ளிக்கூடம் போகாதவர்கள். பாடம் சைகையாலும் நிறத்தாலும் நடக்கிறது. மின்சுற்றில் பொருத்தும் ‘ரெசிஸ்டர்’ என்ற சின்னஞ்சிறு உறுப்பின் மேல் நிறக் கோடுகள் இருக்கும். கறுப்பு, மண்ணிறம், சிவப்பு, செம்மஞ்சள் என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண். அந்த வரிசையைக் கண்ணால் பிடித்துக்கொண்டால் போதும், எழுத்து வேண்டியதில்லை. நமது கிழக்கு மாகாணத்தில் சாயமிட்ட பன்னை எண்ணி எண்ணிப் பாய் இழைக்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது அதிசயமாகத் தோன்றாது. நிறத்தைப் பார்த்துக் கணக்கு வைப்பது எழுத்தறியாத பெண்ணின் கைக்கு ஏற்கனவே பழகிய வேலை. ஈயம் உருக்கி ஒட்டவும், பற்றரியின் மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் கருவியைப் பொருத்தவும், பழுது பார்க்கவும் பழகிக்கொண்டு அவர்கள் ஊர் திரும்புகிறார்கள்.

ராஃபிஆவின் கதை

பயணம் எல்லோருக்கும் இலேசாக அமைந்ததில்லை. ஜோர்தானில் ஈராக் எல்லையை அண்டிய பதவீக் கிராமம் ஒன்றிலிருந்து திலோனியா சென்ற ராஃபிஆ என்ற பெண்ணைப் பற்றி 2012 ஆம் ஆண்டில் ஒரு விவரணத் திரைப்படம் வெளிவந்தது. நான்கு பெண் பிள்ளைகளின் தாய், கணவருக்கு இரண்டாம் மனைவி. பயிற்சியின் நடுவில் கணவர், திரும்பி வராவிட்டால் தலாக் சொல்லிவிடுவேன், பிள்ளைகளையும் எடுத்துக்கொள்வேன் என்று அறிவித்துவிட்டார். ராஃபிஆ ஊர் திரும்பினார். வீட்டாரோடு வாதாடினார். பிறகு மீண்டும் இந்தியாவுக்குப் போய்ப் பயிற்சியை முடித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் அதிகம் கவனிக்க வேண்டும். தொழில் தெரிந்த பெண் ஊருக்கு வந்துவிட்டாள், ஆனால் பொருத்துவதற்குச் சாமான் உடனே வரவில்லை. பணம் எங்கிருந்து வரும் என்று அதிகாரிகளின் பேச்சு இழுபட்டது. மனைவியைத் தூர தேசத்துக்கு அனுப்ப மனமில்லாத கணவர்மாருக்கு இந்தத் தாமதம் நல்ல சாட்டாகிவிடும். இத்திட்டத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஸன்ஸிபார் தீவுக்காரர்களுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. தன்சானியாவைச் சேர்ந்த, மக்களில் ஏறக்குறைய எல்லோரும் முஸ்லிம்களாகவுள்ள அந்தத் தீவில், கின்யாசினி என்னும் இடத்தில் 2015 ஆம் ஆண்டு திலோனியா முறையிலேயே ஒரு பயிற்சி நிலையம் திறக்கப்பட்டது. பயிற்சி பெற்ற பெண்களை ‘சோலார் மாமா’ என்று அழைக்கிறார்கள். நமது மாமா அல்ல, சுவாஹிலி மொழியில் மாமா என்றால் உம்மா!

உண்டியலும் பற்றரியும்

ஆளைப் பயிற்றியது ஒரு பாதி. மறு பாதி ஊர்க் கூட்டத்தில் முடிவாகிறது. யாரை அனுப்புவது என்பதை ஊரார் கூடித்தான் தீர்மானிக்க வேண்டும். ஒரு குழு அமைத்து, ஒவ்வொரு வீடும் மாதாமாதம் எவ்வளவு கட்டுவது என்றும் பேசி முடிக்க வேண்டும். அதுவரை மண்ணெண்ணெய்க்கும் மெழுகுதிரிக்கும் டோர்ச் பற்றரிக்கும் எவ்வளவு செலவானதோ, ஏறத்தாழ அவ்வளவுதான் சந்தா. அந்தப் பணத்தில் ஒரு பங்கு விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு மாதக் கொடுப்பனவாகப் போகிறது. மிச்சம் உதிரிப் பாகங்களுக்கும் புதுப் பற்றரிக்குமாகச் சேர்கிறது. பள்ளிவாசல் சந்தாவும் ஜனாஸா சங்கச் சந்தாவும் கட்டிப் பழகிய நமக்கு இந்த ஏற்பாடு புதியதல்ல. சந்தா நின்றால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததே.

பற்றரிக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? தகட்டுக்கு அசையும் பாகம் இல்லை. தூசியையும் எச்சத்தையும் துடைத்து, மர நிழல் விழாமல் பார்த்துக்கொண்டால் இருபது வருடத்துக்கு மேலும் உழைக்கும். பற்றரி அப்படியல்ல. சாதாரண ஈயப் பற்றரியைப் பாதிக்கும் கீழே அடிக்கடி இறங்கவிட்டால் உள்ளே இருக்கும் தகடுகள் உப்புப் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு வெயில் அடித்தாலும் மின்சாரத்தை வாங்காது. காய்ச்சி வடித்த நீரை விட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினாலும் கெட்டுவிடும். நன்றாகப் பேணினால் நாலைந்து வருடம், இல்லாவிட்டால் ஒன்றோ இரண்டோ. மின்சாரம் குறையும்போது கருவி தானாக விளக்கை அணைக்கும். அதைப் பழுது என்று நினைத்து, கருவியைக் கழற்றிவிட்டு நேரே பற்றரியில் வயரைக் கொடுத்துத் தொலைக்காட்சி பார்ப்பவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. பழைய பற்றரியை வீட்டில் உடைத்து ஈயம் எடுப்பது அதைவிட மோசம். அந்த ஈயத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும்.

இந்த விளக்குகளால் என்ன முடியும், என்ன முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாற்பது வாற்று தகடு ஒன்று நல்ல வெயில் நாளில், இழப்புப் போக, சுமார் 140 வாற்று மணி மின்சாரம் தரும். மூன்று வாற்று எல்ஈடி மின்குமிழ் நான்கை ஆறு மணித்தியாலம் எரிக்க 72 போதும். கைத்தொலைபேசிக்கும் ஒரு சின்ன வானொலிக்கும் மிச்சமிருக்கும். ஆனால் ஆயிரம் வாற்று அயன்பெட்டியைச் செருகினால் அந்த நாள் மின்சாரம் முழுவதும் எட்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அடுப்பு விறகில்தான் எரியும். ‘சூரிய சக்தியால் கிராமமே மாறியது’ என்று படிக்கும்போது இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

பங்களாதேஷில்

இதே வேலை மிகப் பெரிய அளவில் நடந்த நாடு பங்களாதேஷ். 1996 இல் கிராமீன் சக்தி அமைப்பு இதைத் தொடங்கியது. 2003 இல் அரசாங்கத்தின் நிதி நிறுவனமொன்று உலக வங்கியின் கடனுதவியோடு நாடளாவிய திட்டமாக்கியது. ஐந்து வருடத்தில் ஐம்பதாயிரம் வீடுகள் என்பது முதல் இலக்கு. அது மூன்று வருடம் முன்கூட்டியே நிறைவேறியது. 2018 வரையில் 41 இலட்சத்துக்கும் அதிகமான வீடுகள் ஒளி பெற்றன. கருவிகளை ஒன்றுசேர்க்கவும் பழுது பார்க்கவும் ஊர்ப் பெண்கள் பயிற்றப்பட்டார்கள்.

இங்கு இனாம் இல்லை. சிறிய முற்பணம், பிறகு மூன்று வருடம்வரை மாதத் தவணை. தவணை வாங்க வீட்டுக்கு வருபவரே பற்றரியையும் திறந்து பார்த்துவிட்டுப் போவார். வீட்டுக்காரியும் விளக்கு மங்குகிறது, வயர் கழன்றுவிட்டது என்று அவரிடமே சொல்வாள். திட்டத்தின் உயிர் இந்த மாதாந்த வருகையில்தான் இருந்தது. 2013 க்குப் பிறகு நிவாரணத் திட்டத்தில் சூரிய விளக்குகளை இனாமாகக் கொடுக்கத் தொடங்கியபோது, பக்கத்து வீட்டுக்காரிக்குச் சும்மா கிடைப்பதற்கு நான் ஏன் காசு கட்ட வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அதில் நியாயம் இல்லையென்று சொல்லவும் முடியாது. கம்பி வழி மின்சாரமும் ஊர் ஊராக வந்து சேர்ந்தது. தவணைகள் நின்றன, தவணைக்காரர் வருவதும் நின்றது. நமது நாட்டிலும் 1997 முதல் 2011 வரை இரு கட்டங்களாக நடந்த திட்டத்தில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்குச் சூரிய விளக்கு கிடைத்தது. கம்பி மின்சாரம் வந்ததும் அவற்றின் தேவையும் குறைந்துபோனது.

கையில் முற்பணம் இல்லாத வீடுகளை இந்தத் தவணை முறையால் எட்ட முடியவில்லை என்பது அதன் பெரிய குறை. அதற்கு ஒரு வழி 2015 இல் ஷரியத்பூர் மாவட்டத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டது. பகலில் பற்றரி நிறைந்த பிறகும் வெயில் அடித்துக்கொண்டுதான் இருக்கும். அந்த மிச்ச மின்சாரம் யாருக்கும் உதவாமல் போகிறது. ‘சோல்ஷெயார்’ என்ற நிறுவனம், அயல் வீடுகளைக் கம்பியால் இணைத்து, வீட்டுக்கொரு சிறு பெட்டியை வைத்தது. தகடு இல்லாத வீடு தனக்கு வேண்டியதை முற்பணம் கட்டி வாங்கிக்கொள்ளும். எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்பதைப் பெட்டியே அளக்கும். தகடு உள்ள வீட்டின் கணக்கில் காசு சேரும். பெரிய தகடு போடப் பணமில்லாதவர் சின்னதொன்றைப் போட்டுக்கொண்டு, குறைவதை அயல்வீட்டில் வாங்கலாம். தகடே இல்லாதவர் இரண்டு மின்குமிழ்களுக்கு மட்டும் வாங்கலாம். மேகம் மூடிய மழை நாட்களில் மட்டும் விற்பவரும் வாங்குபவரும் ஒரே மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.