உங்கள் கையாலேயே ஒரு ஹெட்போன்

தாதர் ரயில் நிலையத்தில் மேற்கு ரயில்வேயையும் மத்திய ரயில்வேயையும் இணைக்கும் பாலத்தில், மாலை 6 மணிக்கு ஓரமாக நின்று பாருங்கள். போவோர் வருவோர் காதுகளில் ஏதாவது ஒன்று மாட்டியிருக்கும். ஆபீஸ் குமாஸ்தாவும் மாட்டியிருக்கிறார், மூட்டை தூக்குபவரும் மாட்டியிருக்கிறார். அதைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் மட்டும் மிகக் குறைவு.

ஒரு நாள் திடீரென்று ஒரு காதில் பாட்டு நின்றுவிடுகிறது. ஒயரை முறுக்கிப் பிடித்தால் வருகிறது, விட்டால் போகிறது. இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கிறோம். மூன்றாம் நாள் தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்குகிறோம்.

எறிந்த பொருளில் கெட்டது என்ன? பெரும்பாலும் பிளக்குக்குப் பக்கத்தில் அறுந்துபோன, தலைமுடி போன்ற ஒரு கம்பிதான்!

ஒரு முறையாவது ஹெட்போனை உதிரிகளாக வாங்கித் தானே பூட்டிப் பார்த்தவர் அப்படி எறிய மாட்டார். இன்னொன்றும் அவருக்குத் தெரிந்துவிடும். சத்தத்தை ஏற்றினால் பாட்டு நன்றாகிவிடாது என்பதே அது. தினமும் 2 மணி நேரம் ரயிலில் போய் வரும் நம்மவர்களுக்கு, மிச்சமாகும் காசைவிட இந்தப் பாடம்தான் பெரிது.

சமையலறையில் பிறந்தது

"ஒற்றை அறையில் குடியிருக்கிறோம். இங்கே எங்கே எலெக்ட்ரானிக்ஸ் வேலை செய்வது?" என்று கேட்கலாம்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின் என்பவர், 1910-ஆம் ஆண்டில் தாம் செய்த ஹெட்போனை அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பி வைத்தார். சோதித்துப் பார்த்த அதிகாரிகளுக்குப் பிடித்துப் போயிற்று. நிறைய வேண்டும் என்றார்கள். "ஒரு தடவைக்கு 10-க்கு மேல் முடியாது" என்றார் பால்ட்வின். காரணம், அவருடைய தொழிற்சாலை அவர் வீட்டுச் சமையலறைதான்!

நம் ஊர்க் கதையும் உண்டு. 1923 ஜூன் மாதம் பம்பாயில் ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியால் மாகாண ரேடியோ கிளப் பிறந்தது. 1924 ஜூலை 31-இல் அதன் ஒலிபரப்பு தொடங்கியது. அந்நாளில் பலர் வீட்டில் இருந்தது 'கிரிஸ்டல் செட்' என்ற எளிய கருவி. அதற்கு மின்சாரமும் வேண்டாம், பாட்டரியும் வேண்டாம். ஆனால் ஒலி மிக மெல்லியது. காதில் ஹெட்போன் மாட்டினால்தான் கேட்கும். கம்பியைச் சுற்றி அந்தச் செட்டைத் தாமே செய்துகொண்டவர்கள் ஏராளம்.

லேமிங்டன் ரோடு

மும்பையில் உதிரி பாகம் என்றாலே லேமிங்டன் ரோடுதான். 1903 முதல் 1907 வரை பம்பாய் கவர்னராக இருந்த லேமிங்டன் பிரபுவின் பெயர் அது. இப்போதைய பெயர் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க். மக்கள் வாயில் பழைய பெயரே நிற்கிறது.

தாதரில் மேற்கு ரயில்வேயின் ஸ்லோ வண்டி பிடித்தால் பிரபாதேவி, லோயர் பரேல், மகாலட்சுமி, மும்பை சென்ட்ரல் தாண்டி ஐந்தாவது நிலையம் கிராண்ட் ரோடு. கிழக்குப் பக்கம் இறங்கி நடந்தால் போதும். எல்லா உதிரிகளும் ஒரே பெட்டியில் அடங்கிய 'கிட்' ஆகவும் கிடைக்கும். தனித்தனியாகவும் பொறுக்கி எடுக்கலாம். விலையை நாலு கடையில் கேட்டு வாங்குங்கள்.

என்னென்ன வேண்டும்?

40 மில்லிமீட்டர் அகலமுள்ள குட்டி ஸ்பீக்கர் இரண்டு. இவை இரண்டும் ஒரே மாதிரியாக, 32 ஓம் அளவில் இருக்க வேண்டும். ஸ்பீக்கரை வைக்கும் கிண்ணம் இரண்டு. தலைப்பட்டை ஒன்று. காது மெத்தை ஒரு ஜோடி. ஒயர். 3.5 மில்லிமீட்டர் பிளக். கிண்ணத்துக்குள் வைக்கக் கொஞ்சம் பஞ்சு.

கருவிகளில் 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயக் கம்பி, ரெசின் பசை, சின்ன ஸ்க்ரூ டிரைவர், மல்டிமீட்டர் போதும். புதிய செல்போன்கள் பலவற்றில் பிளக் செருகும் துளையே இல்லை. அப்படிப்பட்ட போனுக்கு டைப்-சி மாற்றுத் துண்டு ஒன்றும் வேண்டும்.

குட்டி ஸ்பீக்கருக்குள் இருப்பது மூன்றே பொருள்: காந்தம், செம்புக் கம்பிச் சுருள், மெல்லிய பிளாஸ்டிக் ஏடு. பாட்டு மின்சாரமாக மாறிச் சுருளுக்குள் வருகிறது. காந்தம் சுருளை இழுக்கும், தள்ளும். சுருளோடு ஒட்டிய ஏடு அதிரும். அந்த அதிர்வு காற்றில் பரவி நம் காதுக்குப் பாட்டாக வருகிறது. இவ்வளவுதான் சூட்சுமம்!

வேலையைத் தொடங்குவோம்

முதலில் பிளக்கின் மூடியை ஒயரில் கோத்துவிடுங்கள். பற்றவைத்து முடித்த பிறகு மூடி மேஜையில் கிடப்பதைப் பார்த்துத் தலையில் கை வைக்காதவர் இந்தத் தொழிலில் இல்லை!

பிளக்கில் மூன்று பாகம் உண்டு. நுனி இடது காதுக்கு. நடு வளையம் வலது காதுக்கு. அடிப்பகுதி இரண்டுக்கும் பொது. ஒயருக்குள் சாதாரணமாகச் சிவப்புக் கம்பி வலது. பச்சை அல்லது நீலம் இடது. செம்பு நிறம் பொது. நிறத்தை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டர் வைத்துச் சரிபார்ப்பது நல்லது.

இந்தக் கம்பிகளில் நிறம் என்பது உறையில் இல்லை. கம்பியின் மேலேயே பூசிய அரக்கு அது. அதை நீக்காமல் பற்றவைத்தால் ஈயம் பிடிக்காது. ரெசின் தடவி, அயர்ன் முனையில் ஒரு சொட்டு ஈயம் உருக்கி, அதற்குள் கம்பி நுனியைச் சிறிது நேரம் பிடித்தால் அரக்கு எரிந்துபோகும். புதியவர்கள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான்.

ஸ்பீக்கரில் பற்றவைக்கும்போது 2 விநாடிக்கு மேல் சூடு காட்டாதீர்கள். பிளாஸ்டிக் உருகும்; சுருளின் கம்பி அறுந்துவிடும். அயர்ன் முனையைக் காந்தம் பிடித்து இழுக்கும். ஆகவே கையை உறுதியாக ஊன்றிக்கொள்ளுங்கள். இரும்புத் தூள் கிடக்கும் இடத்தில் ஸ்பீக்கரை வைக்கக் கூடாது. தூள் உள்ளே போனால் கரகரப்பு வரும்.

கிண்ணத்தின் துளை வழியாக உள்ளே வந்த ஒயருக்கு, உள்பக்கமாக ஒரு முடிச்சுப் போடுங்கள். ரயில் கூட்டத்தில் யாராவது ஒயரை இழுத்தாலும் முடிச்சு தாங்கிக்கொள்ளும், பற்று விடாது.

ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். புகையை நேராக மூக்கில் வாங்காதீர்கள். ஈயம் விஷம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாட்டில் கை வைக்க வேண்டும். சின்னக் குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

டி.எம்.எஸ். சோதனை

ஸ்பீக்கர் ஒவ்வொன்றிலும் கூட்டல் குறி ஒரு பக்கம் இருக்கும். இடதுக்கும் வலதுக்கும் அந்தப் பக்கம் ஒரே மாதிரி இணைக்கப்பட வேண்டும். ஒன்று தலைகீழாகிவிட்டால் பாட்டு கேட்கும். ஆனால் ஜீவன் இருக்காது. ஒரு ஏடு முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். மிருதங்கமும் தவிலும் வெறும் தகரம் தட்டுவதுபோல் ஆகிவிடும்.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. 1960-களில் டி.எம். சௌந்தரராஜன் பாடிய பழைய சினிமாப் பாட்டு ஒன்றைப் போடுங்கள். அந்நாளைய ஒலிப்பதிவு மோனோ. இரண்டு காதுக்கும் ஒரே ஒலி. இணைப்பு சரியாக இருந்தால் அவர் குரல் கணீரென்று தலைக்கு நடுவில் நிற்கும். தலைகீழ் என்றால் குரல் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் அலையும். அப்போது ஒரு பக்கத்துக் கம்பிகளை மட்டும் இடம் மாற்றிப் பற்றவையுங்கள்.

மெத்தையில் இருக்கிறது ரகசியம்

ஹெட்போனைத் தலையில் மாட்டி, இரண்டு மெத்தையையும் உள்ளங்கையால் லேசாக அழுத்திப் பாருங்கள். தவில் ஓசை திடீரென்று கனக்கும். கையை எடுத்தால் மெலியும்.

மெத்தைக்கும் காதுக்கும் நடுவே இடைவெளி இருந்தால், கனத்த ஓசைகள் அதன் வழியே ஒழுகிப் போய்விடும். வெளி இரைச்சலும் அதே வழியாக உள்ளே வரும். பாட்டு மெலிகிறது, இரைச்சல் ஏறுகிறது. நாம் என்ன செய்கிறோம்? வால்யூமை ஏற்றுகிறோம்! ஓட்டைக் குடத்துக்கு ஓயாமல் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

ஆகவே மெத்தையில் கஞ்சத்தனம் வேண்டாம். காதை முழுவதும் மூடும் அளவில், மென்மையானதாக வாங்குங்கள். மூக்குக் கண்ணாடி அணிபவர்களுக்குக் கண்ணாடிக் காம்பு இடையில் புகுந்து சந்து உண்டாக்கும். அவர்களுக்கு இன்னும் மிருதுவான மெத்தை தேவை. மெத்தை நன்றாகப் பொருந்தினாலும் சக்கரத்தின் கடகடச் சத்தம் முழுதும் நின்றுவிடாது. கூச்சலும் கிரீச்சொலியும் நன்றாகக் குறையும்.

ஒரு சின்னக் கணக்கு

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் ஓர் அளவு வகுத்தன. பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒலி 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். அதாவது 83 என்றால் 20 மணி. 86 என்றால் 10 மணி. 89 என்றால் 5 மணி. 92 என்றால் இரண்டரை மணிதான்.

கல்யாணிலிருந்தோ விராரிலிருந்தோ தாதருக்கு வருபவருக்குப் போக ஒரு மணி, வர ஒரு மணி. வாரத்தில் 6 நாளுக்கு 12 மணி நேரம். இரைச்சலை வெல்வதற்காக 92 டெசிபலில் கேட்டால், வாரத்துக்கு உரிய பங்கு செவ்வாய்க்கிழமை காலையிலேயே தீர்ந்துவிடுகிறது! மீதி நாளெல்லாம் காது கடனில் ஓடுகிறது. உள்காதில் ஒலியை உணரும் நுண்மயிர் அணுக்கள் ஒரு முறை செத்தால் திரும்ப முளைப்பதில்லை.

டெசிபல் அளக்கக் கருவி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். போனின் முழு வால்யூமில் 60 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எளிய வழி. இன்னொரு வழியும் இருக்கிறது. இரவில் வீடு அடங்கிய பிறகு, பாட்டு இதமாகக் கேட்கும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் ரயிலில் எவ்வளவு ஏற்றுகிறீர்கள் என்று பாருங்கள். அந்த வித்தியாசம்தான் உங்கள் காது கட்டுகிற வட்டி. மெத்தையைச் சரி செய்தால் வட்டி குறையும்.

காதை மூடும் ஹெட்போனோடு பிளாட்பாரத்தின் ஓரத்தில் நிற்காதீர்கள். சாலையைக் கடக்கும்போது கழுத்துக்கு இறக்கிவிடுங்கள். தண்டவாளத்தைக் கடப்பது ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவின்படி குற்றம். காதை மூடிக்கொண்டு கடப்பது எமனுக்கு விலாசம் கொடுப்பது.

கைத்தொழில் ஒன்று

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போதும், வேலை முடிந்துவிடும். கடையில் விற்கும் பெரிய கம்பெனி ஹெட்போனைப் போல் பளபளப்பு இருக்காது. ஆனால் ஒயர் அறுந்தால் எங்கே திறப்பது, எதை மாற்றுவது என்று உங்களுக்குத் தெரியும்.

வீட்டில் பள்ளி இறுதி வகுப்புப் பையனோ பெண்ணோ இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். காந்தமும் சுருளும் பாடப்புத்தகத்தில் படமாக இருக்கும்; இங்கே கையில் இருக்கும். சால்டரிங் பிடிக்கப் பழகிய கைக்குச் செல்போன் ரிப்பேர், விளக்கு ரிப்பேர் என்று அடுத்தடுத்த வேலைகள் எளிதாக வசப்படும். முதலில் பக்கத்து வீட்டாரின் அறுந்த ஹெட்போன்களைக் கேட்டு வாங்கிச் சரி செய்து கொடுக்கட்டும். இந்த ஊரில் நாலு காசு சம்பாதிக்கத் தெரிந்த கை வீண் போனதில்லை.